கண் மின்னினால் அது நரியா?

வாசகர் கேள்வி (சுருக்கி இருக்கிறேன்):

"அண்ணா, சொந்த ஊர் காங்கயம் பக்கம். மெல்போர்னில் ஐ.டி. வேலை. போன வருஷம் பல்லாரட்டிலிருந்து அரை மணி நேரத் தூரத்தில் 60 ஏக்கர் வாங்கினோம். 55 செம்மறி, 20 கோழி. இந்த ஜூலை, ஆகஸ்டில் 70 குட்டி பிறந்ததில் 11 போய்விட்டது. காலையில் போய்ப் பார்த்தால் வயிறு கிழிந்து கிடக்கிறது, சிலதுக்குக் கண் இல்லை, நாக்கு இல்லை. பக்கத்து நிலத்துக்காரர் நரிதான் என்கிறார். ராத்திரி பின்பக்கம் திறந்த யூட் வண்டியில் லைட் அடித்துக்கொண்டே போய்ச் சுடலாம், கண் மின்னினால் அடித்துவிட வேண்டியதுதான் என்று கூப்பிடுகிறார். லைசன்ஸ் எடுத்து .22 துப்பாக்கி ஒன்று வாங்கி வைத்திருக்கிறேன். அது போதுமா? லைட் எப்படிப் பிடிப்பது? இரண்டு மூன்றைச் சுட்டுவிட்டால் தொல்லை தீருமா? வீட்டில் துப்பாக்கி இருப்பதே மனைவிக்குப் பிடிக்கவில்லை, ஏழு வயதில் பையன் இருக்கிறான்."

தம்பி, நீங்கள் நரியைப் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள், நான் முதலில் செத்த குட்டியைப் பற்றிப் பேசப் போகிறேன். கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள். பூச்சி, முயல், நரி என்று இந்தத் தொழிலில் பதினெட்டு வருஷமாக இருக்கிறேன், என்னைக் கூப்பிடுகிறவர்களில் பாதிப் பேரின் பண்ணையில் நரி அவர்கள் நினைக்கிற அளவுக்குக் குட்டிகளைக் கொல்வதில்லை. குட்டி செத்ததற்குப் பிறகு தின்கிறது. இரண்டும் வேறு வேறு விஷயம்.

இந்த விக்டோரியா மாநிலத்தில் ஜூலைக் குளிர் எப்படி இருக்கும் என்று உங்களுக்கே தெரியும், தென்மேற்கிலிருந்து ஈரக் காற்று அடிக்கும்போது ஸ்வெட்டர் போட்ட நமக்கே பல் கிடுகிடுக்கிறது. ஈரத்தோடு பிறந்து தாய் நக்கி முடிப்பதற்குள் அந்தக் காற்றில் கிடக்கிற குட்டி, முதல் சில மணி நேரத்தில் சீம்பால் குடிக்காவிட்டால் அவ்வளவுதான். இந்த நாட்டில் ஒற்றைக் குட்டிகளில் பத்துக்கு ஒன்று, இரட்டையில் பத்துக்கு இரண்டு மூன்று போவது நல்ல பண்ணைகளிலேயே நடக்கிற கணக்கு. உங்களுக்கு 70-க்கு 11. மனசு கஷ்டம்தான், இல்லை என்று சொல்லவில்லை, ஆனால் இந்தக் கணக்கை வைத்து மட்டும் நரி மேல் பழி போட முடியாது.

அதனால் அடுத்த குட்டி செத்துக் கிடந்தால் உடனே குழி தோண்டாதீர்கள். கையுறை போட்டுக்கொண்டு ஒரு கத்தியோடு உட்காருங்கள். முதலில் குளம்பைப் பாருங்கள். பிறக்கும்போது குளம்பின் அடியில் மெத்தென்று மஞ்சள் ஜவ்வு மாதிரி ஒன்று இருக்கும், எழுந்து நடந்தால் அது தேய்ந்து போய்விடும். ஜவ்வு அப்படியே இருந்தால் குட்டி நடக்கவே இல்லை. அப்புறம் நெஞ்சைத் திறந்து நுரையீரலில் ஒரு துண்டு வெட்டித் தண்ணீரில் போடுங்கள், மிதந்தால் மூச்சு விட்டிருக்கிறது, மூழ்கினால் பிறக்கும்போதே உயிர் இல்லை. வயிற்றில் பால் இருக்கிறதா என்று பாருங்கள். சிறுநீரகத்தைச் சுற்றி இருக்கும் கொழுப்பு வெள்ளையாகக் கெட்டியாக இருந்தால் தெம்பான குட்டி, சிவந்து கூழாகிப் போயிருந்தால் பட்டினியில் உடம்பே உடம்பைத் தின்றிருக்கிறது. கடைசியாக, கடித்த இடத்தில் தோலை உரித்துப் பாருங்கள். உயிரோடு இருந்தபோது கடித்திருந்தால் உள்ளே ரத்தம் கன்றிக் கறுத்திருக்கும், நரி என்றால் பெரும்பாலும் கழுத்து, தொண்டைப் பக்கம். செத்த பிறகு கடித்ததில் கன்றல் இருக்காது, சுத்தமாகக் கிழிந்திருக்கும். கண் இல்லை என்று எழுதியிருக்கிறீர்கள் பாருங்கள், அது பெரும்பாலும் காக்கை வேலை.

இதைச் சொன்னால் சிலருக்குக் கோபம் வருகிறது, என்னை நரிக்கு வக்கீல் என்கிறார்கள். நரிக்கு நான் வக்கீல் இல்லை. ஆட்டுக் கூட்டத்தின் நடுவில் விடியற்காலையில் நரி உலாத்துவதைப் பார்த்தால் யாருக்கும் ரத்தம் கொதிக்கத்தான் செய்யும், ஆனால் அது அங்கே வருவது பல நேரம் நச்சுக்கொடி தின்ன, பால் குடித்த குட்டி போட்ட சாணத்தைத் தின்ன. தாய் இரட்டைக் குட்டியில் ஒன்றோடு நகர்ந்துவிட்டு மற்றது தனியாகக் கிடந்தால் அதையும் தூக்கும், அதுவும் உண்மை. உங்கள் 11-இல் நாலைந்துக்குக் கழுத்தில் கன்றல் இருந்தால் சரி, நரி வேலைதான், துப்பாக்கியை எடுப்போம்.

அதற்கு முன்னால் ஊர்க்காரர் என்பதால் ஒன்று. நம்ம பக்கம் நரி முகத்தில் முழித்தால் யோகம் என்பார்கள், அந்த நரி வேறு. அங்கே நாம் பார்க்கிற நரியும் குள்ளநரியும் அந்த மண்ணுக்குச் சொந்தமானவை, இந்தியாவில் 1972 வனவிலங்குச் சட்டப்படி பாதுகாக்கப்பட்டவை, அங்கே அவற்றைத் தொட்டால் ஜெயில். இங்கே இருப்பது ஐரோப்பாவின் செந்நரி. குதிரை மேல் ஏறி நாயை விட்டு வேட்டையாடுகிற பொழுதுபோக்குக்காக 19-ஆம் நூற்றாண்டின் நடுவில் வெள்ளைக்காரர்கள் கப்பலில் கொண்டுவந்து இதே விக்டோரியாவில் விட்டது, நூறு வருஷத்துக்குள் வடக்கே வெப்பப் பகுதியும் தாஸ்மேனியாவும் தவிர மற்ற இடமெல்லாம் பரவிவிட்டது. தரையில் கூடு கட்டுகிற பறவை, சின்னப் பைப்பாலூட்டி என்று இந்த நாட்டு உயிர்கள் எத்தனையோ இதன் வாயில் போயிருக்கின்றன. இங்கே 1994-ஆம் ஆண்டுச் சட்டப்படி இது தொல்லை விலங்கு, நிலத்துக்காரர் கட்டுப்படுத்தியாக வேண்டும் என்பதே சட்டம். ஆகவே பாவம் புண்ணியம் என்று தயங்க வேண்டாம், ஆனால் வலிக்காமல் ஒரே குண்டில் முடிக்க வேண்டும் என்பதில் மட்டும் கவனம் வேண்டும்.

அங்கேதான் உங்கள் .22 எனக்குப் பிடிக்கவில்லை. முயலுக்கு நல்ல துப்பாக்கி. நரிக்கு வேண்டாம். சாதாரண .22 குண்டு இரண்டரை கிராம் சொச்சம், நொடிக்கு 330-லிருந்து 380 மீட்டர். .223 என்கிற வேகமான ரகத்தில் மூன்றரை கிராம் குண்டு நொடிக்குக் கிட்டத்தட்ட 980 மீட்டரில் போகிறது, சக்தியைக் கணக்குப் போட்டால் ஒன்பதிலிருந்து பன்னிரண்டு மடங்கு. நரி பார்க்க நாய் அளவு தெரிந்தாலும் மயிரை ஒதுக்கினால் ஐந்தாறு கிலோதான், இதயமும் நுரையீரலும் இருக்கிற இடம் உங்கள் கை முஷ்டி அளவு. பகலில், 40 மீட்டரில், அசையாமல் நிற்கிற நரி என்றால் .22-ஆல் முடியும் என்று வாதாடுகிறவர்கள் இருக்கிறார்கள். ராத்திரியில் 40 மீட்டர் என்று நீங்கள் நினைப்பது 75 ஆக இருக்கும், வயிற்றில் பட்டு ஓடிப்போய் மூன்று நாள் புதரில் கிடந்து சாகும். இன்னொன்றும் இருக்கிறது. .22 குண்டு மெதுவானது, ஈயக் கட்டி, கல்லிலோ ஈரத் தரையிலோ பட்டால் தவளைக்கல் மாதிரி எகிறிப் போகும், ஒன்றரை கிலோமீட்டர் தாண்டியும் ஆளைக் காயப்படுத்தும். .223-இன் சிதறுகிற முனைக் குண்டு மண்ணில் பட்டால் பெரும்பாலும் உடைந்துவிடும். சின்னத் துப்பாக்கி என்றால் ஆபத்து குறைவு என்று நினைப்பது இந்தத் தொழிலில் நான் அடிக்கடி கேட்கிற தப்பு.

.222 அல்லது .223, அதில் தோட்டாவைக் கையால் இழுத்து ஏற்றுகிற போல்ட் ஆக்‌ஷன் ஒன்று வாங்குங்கள், அது சட்டத்தில் பி பிரிவுத் துப்பாக்கி, உங்கள் லைசன்ஸில் அந்தப் பிரிவு இருக்கிறதா என்று பாருங்கள், ஒவ்வொரு துப்பாக்கிக்கும் வாங்குவதற்கு முன்னால் தனி பர்மிட் வேண்டும். சைலன்சர் வேண்டுமே என்று கேட்காதீர்கள், பிரிட்டன் வீடியோ பார்த்துவிட்டு எல்லோரும் கேட்கிறார்கள், இங்கே தனி அனுமதி இல்லாமல் அது குற்றம். துப்பாக்கிச் சட்டம் மாறிக்கொண்டே இருக்கிறது, நான் சொன்னேன் என்று நிற்காமல் விக்டோரியா போலீஸின் லைசன்ஸ் பிரிவில் ஒருமுறை கேட்டுக்கொள்ளுங்கள். 100 மீட்டரில் ஸ்கோப்பைச் சரி செய்து, பகலில் ஒரு ஐம்பது தோட்டாவாவது காகிதத்தில் சுட்டுப் பழகுங்கள், காரின் பானெட்டில் வைத்து, வேலிக் கம்பில் சாய்த்து, உட்கார்ந்து, எல்லா மாதிரியும். ராத்திரியில் நீங்கள் எடுக்கப் போகிற தூரம் 100 மீட்டர்தான், அதற்கு மேல் வேண்டாம் என்று இப்போதே முடிவு செய்துவிடுங்கள்.

சரி, இனிமேல்தான் முக்கியமான வேலை, அது பகல் வேலை. ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் உங்கள் 60 ஏக்கரையும் கால்நடையாகச் சுற்றுங்கள். எங்கே நின்று எந்தப் பக்கம் சுட்டால் குண்டு மண்ணில் போய்ப் புதையும் என்று பாருங்கள். நரிக்குப் பின்னால் மேடு இருக்க வேண்டும், வானம் இருக்கக் கூடாது. மரம் மறைக்கிறது, புதர் மறைக்கிறது என்பதெல்லாம் கணக்கில் வராது, இலை குண்டை நிறுத்தாது. உங்கள் வீடு, பக்கத்து வீடு, ரோடு, தண்ணீர்த் தொட்டி, மாடு படுக்கிற இடம் எல்லாவற்றையும் ஒரு காகிதத்தில் குறித்துக்கொண்டு, சுடக் கூடாத திசைகளைச் சிவப்பில் கீறிவிடுங்கள். பல்லாரட் பக்கம் எரிமலைக் குன்றுகள் இருக்கிற இடம் என்றால் உங்களுக்கு அதிர்ஷ்டம், தட்டையான நிலம் என்றால் யூட்டின் பின்புறம் ஏறி நின்று கீழ்நோக்கிச் சுடுகிற மாதிரி ஏற்பாடு வேண்டும். வேலிக் கம்பங்களுக்குத் தூரம் அளந்து வைத்துக்கொள்ளுங்கள், ராத்திரி தூரம் கணிக்க அதுதான் அளவுகோல். நான் ஒரு புது நிலத்துக்குப் போனால் பகலில் பார்க்காமல் ராத்திரி ஒரு தோட்டாவைக்கூடப் போடுவதில்லை, வாடிக்கையாளர் எத்தனை அவசரப்பட்டாலும்.

பக்கத்துக்காரர் சொன்ன "கண் மின்னினால் அடி" என்பதற்கு வருகிறேன். அந்தக் கடிதத்தில் எனக்குத் தூக்கிவாரிப் போட்ட வரி அதுதான்.

ராத்திரி லைட்டில் எல்லாக் கண்ணும் மின்னும். செம்மறிக்குப் பச்சையும் நீலமும் கலந்த மாதிரி, முயலுக்கும் பாசம் (possum) என்கிற மரமேறிப் பிராணிக்கும் சிவப்பு, கங்காருவுக்கு மங்கல், பூனைக்குப் பச்சை, புல்லில் உட்கார்ந்த சிலந்திக்குக்கூட வைரப்பொடி மாதிரி. நரிக்கு வெள்ளையும் பச்சையும் கலந்து பளீரென்று இருக்கும், இரண்டு கண்ணும் நெருக்கமாக, துள்ளித் துள்ளி நகரும், ஒரு நொடி உங்களைப் பார்க்கும், முகத்தைத் திருப்பிக்கொள்ளும், மறுபடி பார்க்கும். அனுபவத்தில் எண்பது சதவீதம் கண்ணை வைத்தே சொல்லிவிடலாம். அந்த மீதி இருபதில்தான் ஒருநாள் நான் மாட்டிக்கொள்ளப் பார்த்தேன்.

நான் தொழிலுக்கு வந்த இரண்டாவது வருஷம், ஹாமில்டன் பக்கம் ஒரு ஆட்டுப்பண்ணை, ஆகஸ்ட் மாதம், நிலா இல்லை. பண்ணைக்காரர் எழுபது வயசு மனிதர், அவர்தான் லைட் பிடித்தார். நான் விசில் ஊதினேன், டென்டர்ஃபீல்ட் விசில் என்று இங்கே ஒரு தகர விசில் உண்டு, பாதி மடித்த தட்டு, உதட்டில் வைத்து உறிஞ்சினால் மாட்டிக்கொண்ட முயல் கத்துகிற மாதிரி சத்தம் வரும். இரண்டு நிமிஷத்தில் கண் தெரிந்தது. 90 மீட்டர். நெருக்கமான இரண்டு கண், பளீர் நிறம், தாழ்வாக, விசிலை நோக்கி நேராக வருகிறது, பின்னால் நல்ல மேடு. எல்லாம் பொருந்தியது. சேஃப்டியைத் தள்ளிவிட்டேன், விரல் உள்ளே போய்விட்டது. பெரியவர் மெதுவாக "கொஞ்சம் பொறு" என்றார். எதற்கு என்று எரிச்சலாக வந்தது. அது பக்கவாட்டில் திரும்பியது, கழுத்துக்குக் கீழே ஏதோ பளிச்சென்று மின்னியது. பெயர்த் தகடு. இரண்டு கிலோமீட்டர் தள்ளி இருந்த பண்ணையின் கெல்பி நாய், சங்கிலியை அறுத்துக்கொண்டு ஊர் சுற்ற வந்திருக்கிறது. அன்றைக்கு வேலையை அத்தோடு நிறுத்திவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டேன், தூக்கம் வரவில்லை. அந்தக் குடும்பத்துப் பெண் குழந்தையோடு அந்த நாய் விளையாடுவதை அடுத்த மாதம் பார்த்தேன், அவர்களிடம் நான் எதுவும் சொல்லவில்லை.

அதிலிருந்து எனக்கு ஒரே விதி. உடம்பு முழுதும் தெரிய வேண்டும், காது, மூஞ்சி, அடர்ந்த அந்த வால். வால் தெரியாமல் விரல் உள்ளே போகாது. கண்ணைப் பார்த்து நான் தேடுவேன், கண்ணைப் பார்த்துச் சுடுவதில்லை. அப்படிச் சுடாமல் விட்டதில் எத்தனையோ நரி தப்பித்திருக்கிறது, போகட்டும், நாளைக்கும் வரும். வாம்பேட், வாலபி என்கிற பைப்பாலூட்டிகள், ஆந்தை எல்லாம் இங்கே பாதுகாக்கப்பட்ட உயிர்கள், தெரியாமல் சுட்டுவிட்டேன் என்பது நீதிமன்றத்தில் எடுபடாது. அதைவிட, ராத்திரி வேலியோரமாக டார்ச் இல்லாமல் நடந்து வருகிற மனிதனும் ஒரு நிழல்தான். நரிக்குப் பின்னால் இருட்டில் ஒரு செம்மறி படுத்திருக்கலாம் என்பதையும் மறக்காதீர்கள், .223 நரியைத் துளைத்து அப்புறமும் போகலாம்.

லைட் பிடிக்கிற முறை பெரிய வித்தை இல்லை. இருவர் வேண்டும், ஒருவர் லைட், ஒருவர் துப்பாக்கி, பேசுகிறவர் லைட் பிடிக்கிறவர், வேண்டாம் என்று அவர் சொன்னால் வேண்டாம்தான். காற்று உங்கள் முகத்தில் அடிக்க வேண்டும். விசிலுக்கு வருகிற நரி நேராக வராது, வட்டம் போட்டு உங்கள் வாடை பிடிக்கத்தான் பார்க்கும், அதனால் இரண்டு பக்கமும் கண் வேண்டும். வெள்ளை வெளிச்சத்தைப் பட்டென்று மூஞ்சியில் அடிக்காதீர்கள். சிவப்பு வடிகட்டி போட்டால் நரிக்கு அவ்வளவாக உறுத்தாது, மெதுவாக வீசித் தேடி, கண் கிடைத்ததும் வெளிச்சத்தின் ஓரத்தில் மட்டும் அதை வைத்திருங்கள். வெளிச்சம் துப்பாக்கியின் மேலேயோ யூட்டின் மேலேயோ படக் கூடாது, உங்கள் கண்ணே கூசிப்போகும். கிட்டே வந்து நின்றதும் வெளிச்சத்தை நடுவில் கொண்டுவந்து உடம்பைப் பாருங்கள், வாயால் ஒரு சின்னச் சத்தம் கொடுத்தால் ஒரு நொடி நிற்கும், அந்த நொடிதான் உங்களுடையது. முன்னங்காலுக்குச் சற்றுப் பின்னால், நெஞ்சு. தலையைக் குறிவைத்து வீரம் காட்ட வேண்டாம்.

வெப்பம் காட்டுகிற தெர்மல் கருவி இப்போது எல்லோரிடமும் இருக்கிறது. தேடுவதற்கு அற்புதமான சாமான். ஆனால் அதில் ஆட்டுக்குட்டியும் நரியும் வெள்ளைப் பொட்டுதான், நடுவில் இருக்கிற வேலிக்கம்பி தெரியாது, பின்னால் மேடா பள்ளமா என்பதும் தெளிவாகத் தெரியாது. தெர்மலில் கண்டுபிடித்து லைட்டில் உறுதி செய்யுங்கள்.

ஓடுகிற வண்டியிலிருந்து சுடுவது வேண்டவே வேண்டாம். வண்டி நகரும்போது துப்பாக்கியின் அறையில் தோட்டா இருக்கக் கூடாது, போல்ட் திறந்தே இருக்கட்டும், வண்டி நின்று, எஞ்சின் அணைந்து, நரிதான் என்று தெரிந்த பிறகுதான் தோட்டா உள்ளே போக வேண்டும். சுடாமல் விட்டால் மறுபடி நகருவதற்கு முன் வெளியே எடுத்துவிடுங்கள். ரோட்டுக்குக் குறுக்கேயோ ரோட்டை நோக்கியோ சுடுவதை நினைக்கவே வேண்டாம். பக்கத்து நிலத்தில் கால் வைக்க எழுத்தில் சம்மதம் வாங்கிக்கொள்ளுங்கள், நட்பு நட்பாகவே இருக்கட்டும். சுடப் போகிற ராத்திரி சுற்றி இருக்கிற எல்லா வீட்டுக்கும் ஒரு மெசேஜ், வீடுகள் கிட்டே இருந்தால் உள்ளூர் ஸ்டேஷனுக்கும் ஒரு போன், இல்லையென்றால் யாராவது பயந்துபோய் அவசர எண்ணுக்கு அடித்துவிடுவார்கள். ஆல்கஹால் ஒரு சொட்டுக்கூடக் கூடாது. யூட்டில் பீர் பெட்டி இருந்தால், மரியாதையாகத் தலைவலி என்று சொல்லிவிட்டு இறங்கிவிடுங்கள்.

சுட்ட பிறகு அடுத்த தோட்டாவை ஏற்றிக்கொண்டு லைட்டை அதே இடத்தில் வைத்திருங்கள், ஓடிப்போகாதீர்கள். ஒரு நிமிஷம் கழித்துப் பின்பக்கமாக நெருங்கி, குச்சியால் கண்ணைத் தொட்டுப் பாருங்கள், இமை அசையாவிட்டால் முடிந்தது. அசைந்தால் உடனே இன்னொன்று. ஓடிவிட்டால் அன்றைக்கு ராத்திரியே தேட வேண்டும், காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்பது கிடையாது. கையுறை இல்லாமல் தூக்காதீர்கள், சொறியும் இருக்கும், மனிதருக்கு நீர்க்கட்டி உண்டாக்குகிற நாடாப்புழுவும் நரி வயிற்றில் இருக்கலாம், உங்கள் நாய் அதைத் தின்றுவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். விக்டோரியாவில் 2011-இலிருந்து நரித் தலைத்தோலுக்கு அரசு பணம் கொடுக்க ஆரம்பித்தது, முதலில் தலைக்கு 10 டாலர். தோட்டா, பெட்ரோல் செலவுக்குக்கூடக் கட்டாது, அதற்காக இதைச் செய்யாதீர்கள்.

இரண்டு மூன்றைச் சுட்டால் தீருமா என்று கேட்டீர்களே. தீராது. உங்கள் 60 ஏக்கர் என்பது 24 ஹெக்டேர். விவசாய நிலத்தில் ஒரு நரிக் குடும்பம் சுற்றுகிற பரப்பு சாதாரணமாகவே இரண்டு சதுர கிலோமீட்டருக்குக் குறையாது, பெரும்பாலும் அதற்கு மேல். அதாவது உங்கள் நிலத்தைப் போல எட்டு பத்து மடங்கு. அது உங்கள் நரியே இல்லை, உங்கள் வழியாகப் போகிற நரி. ஒன்றைச் சுட்டால் அந்த இடம் காலி என்று தெரிந்து சில வாரத்தில் வேறொன்று வந்து உட்காரும், அதுவும் பிப்ரவரியிலிருந்து மே வரை இளம் நரிகள் வீட்டைவிட்டுக் கிளம்புகிற காலத்தில் சொல்லவே வேண்டாம். இன்னொரு சங்கடம், ராத்திரி வேட்டையில் முதலில் விழுவது இந்த விவரம் தெரியாத இளசுகள்தான். குறி தவறிப் போகிற ஒவ்வொரு பெரிய நரியும் லைட்டைக் கண்டாலே தலையைத் திருப்பிக்கொண்டு ஓடக் கற்றுக்கொள்கிறது, கண்ணில் படாததால் நரி குறைந்துவிட்டது என்று நாம் நினைத்துக்கொள்வோம். உங்கள் பக்கத்துக்காரர் வண்டியில் போய்க் கண்டபடி அடித்துக்கொண்டிருந்தால், உங்கள் பகுதி நரிகள் ஏற்கெனவே பாடம் படித்தவையாகத்தான் இருக்கும்.

பிலிப் தீவில் நரியை முழுசாக ஒழித்து 2017-இல் அறிவித்தார்கள். அது தீவு, பாலத்தால் மட்டும் கரையோடு சேர்ந்த தீவு, அங்கேயே விஷ இரை, பொறி, நாய், துப்பாக்கி எல்லாம் சேர்ந்து எத்தனையோ வருஷம் பிடித்தது. வார்னம்பூல் பக்கத்தில் மிடில் தீவில் நரி வந்து பென்குவின்களைக் காலி பண்ணி, 2005 வாக்கில் பத்துக்கும் கீழே போய்விட்டது, அடுத்த வருஷம் மரெம்மா நாய்களைக் காவலுக்கு விட்ட பிறகுதான் பிழைத்தன. துப்பாக்கியை மட்டும் நம்பி எங்கேயும் நடக்கவில்லை.

அதனால் நீங்கள் தனியாகப் போகாதீர்கள், சுற்றி உள்ள பண்ணைகளோடு சேர்ந்து ஒரே சமயத்தில் செய்யுங்கள். ஜூன், ஜூலையில் நரி ஜோடி சேர்கிற காலம், கூவிக்கொண்டு நிறைய நடமாடும், உங்கள் குட்டிப் பருவம் தொடங்குகிற நேரமும்கூட, அதுதான் நல்ல நேரம். ஆகஸ்ட், செப்டம்பரில் அது குட்டி போட்டுவிடும். அந்த நேரத்தில் பால் சுரக்கிற பெட்டையைச் சுட்டால் வளையில் நாலு குட்டி பட்டினியில் சாகும், எனக்கு அது ஒப்பாது, அப்படி ஆகிவிட்டால் வளையைத் தேடிப்போய் முடித்துவிட்டு வருவது என் வழக்கம். 1080 என்கிற விஷம் கலந்த இரையைக் குழுவாகப் போட்டால் துப்பாக்கியைவிட அதிகம் குறையும், ஆனால் அதற்குத் தனி அனுமதி வேண்டும், நாய்க்கு அது எமன், முறிவு மருந்து கிடையாது. நாய் வளர்க்கிற சின்ன நிலத்துக்காரர் தானாக இறங்குகிற வேலை அது இல்லை, பெரிய பண்ணைக்காரர்கள் செய்யும்போது உங்கள் நாயைக் கட்டிவைத்து ஒத்துழையுங்கள், போதும்.

துப்பாக்கி வாங்குகிற காசில் கொஞ்சத்தை வேலிக்கும் போடுங்கள். உங்கள் தாத்தா காலத்தில் மேய்ச்சல் கொறங்காட்டைச் சுற்றிக் கிளுவை வேலி இருந்திருக்கும், ராத்திரி ஆட்டைப் பட்டியில் அடைத்து ஒரு ஆள் கயிற்றுக் கட்டிலில் படுத்திருப்பார். இங்கே ஆயிரக்கணக்கில் வைத்திருக்கிறவர்களால் அது முடியாது, 55 ஆட்டுக்கு உங்களால் முடியும். குட்டி போடுகிற மூன்று நாலு வாரம் மட்டும் வீட்டுக்குப் பக்கத்தில் பேடக் என்கிற வேலியடைத்த மேய்ச்சல் நிலத்தில், காற்றுக்கு மறைவான இடத்தில் வையுங்கள். ஸ்கேன் பண்ணி இரட்டை சுமக்கிறதைப் பிரித்துவிடுங்கள். வேலியில் தரையை ஒட்டி ஒரு மின்கம்பி, நச்சுக்கொடியும் செத்த குட்டியும் அன்றைக்கே புதைக்கப்பட வேண்டும், நரியை விரட்ட ஒட்டக இனத்து அல்பாக்கா, காயடித்ததாக இரண்டு. கோழி விஷயம் ரொம்ப எளிது, இருட்டுவதற்கு முன் கூண்டுக் கதவைச் சாத்துங்கள், கம்பிவலையை வெளிப்பக்கம் தரையில் ஒரு முழம் மடக்கிப் பரப்புங்கள், நரி தோண்டுவதை நிறுத்திவிடும்.

வீட்டம்மா சொல்வது சரி. அதை அவரிடம் சொல்லியும் விடுங்கள். ஏழு வயசுப் பையன் எல்லாச் சாவியும் எங்கே இருக்கிறது என்று தெரிந்து வைத்திருப்பான், உங்களுக்கே தெரியாமல். ஸ்டீல் பெட்டி, 150 கிலோவுக்குக் குறைவு என்றால் சுவரிலோ தரையிலோ போல்ட் போட்டு இறுக்க வேண்டும் என்பது இங்கே சட்டம், தோட்டா வேறு பெட்டியில் வேறு பூட்டில். சாவி உங்கள் உடம்பில் இருக்க வேண்டும், சமையலறை டப்பாவில் இல்லை. ராத்திரி இரண்டு மணிக்குக் களைத்துப்போய் வந்து, காலையில் துடைத்துக்கொள்ளலாம் என்று துப்பாக்கியைக் கதவோரம் சாய்த்து வைக்கிற அந்த ஒரு நாள்தான் பயப்பட வேண்டிய நாள். லைட் பிடிக்க ஆள் தேடுகிறீர்கள் என்றால் அவரையே கேட்டுப் பாருங்கள், வேண்டாம் என்று சொல்லத் தயங்காத ஆள்தான் அந்த வேலைக்கு வேண்டும்.

இலையுதிர் காலத்தில் குட்டி போட விட்டிருக்கிற ஆடு ஏதாவது இருந்தால், அதில் செத்துக் கிடக்கிற முதல் குட்டியைப் படம் எடுத்து அனுப்புங்கள், குளம்பின் அடியும், உரித்த கழுத்தும் தெரிகிற மாதிரி.